சேற்று ராசாவின் கல்வெட்டு

நான் செத்தவர்களைப் பற்றி எழுதிச் சீவிக்கிறவள். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் கண்ணை மூடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம் அது. அட்டையில் படம். உள்ளே திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். கொக்குவிலில் எனக்கொரு சிறிய அச்சகம் இருக்கிறது. அச்சடிப்பதும் நான்தான், புலம்புவதும் நான்தான். இத்தனை வருடம் எழுதியும் ஒரு கெட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கல்வெட்டில் எல்லாரும் ஊருக்கு உபகாரி, வாரி வழங்கும் வள்ளல்.

தம்பி குகன் ரொறன்ரோவுக்கு வாருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டான். பிள்ளையின் பிறந்தநாள், புது வீடு, கோடை விடுமுறை என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாட்டு. எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒருநாள் போனில், "அக்கா, இஞ்சை ஒரு கல்வெட்டு எழுதவேணும். உங்களை விட்டால் ஆள் இல்லை" என்றான்.

"ஆர் மோசம் போனது?"

"உங்களுக்குத் தெரியாத ஆள். றெயில் பாதை போட்ட பெரிய மனிசன்."

"எப்ப?"

"அது கனகாலம்."

ஆண்டுத் திவசத்துக்குக் கல்வெட்டுக் கேட்கிறவர்களும் உண்டு. வசதியான குடும்பமாக்கும் என்று நினைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பாசத்துக்குப் போகாதவள் தொழிலுக்குப் போனாள் என்று குகனின் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

குகனின் வீடு ஸ்காபரோவில், ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய தொடர்மாடியில். குசினி ஜன்னலைத் திறந்தால் கீழே தண்டவாளம். ஊரில் ரயில் வருகிறதென்றால் கேற் போடுவதும் சைக்கிள்காரர் குனிந்து நுழைவதும் பிள்ளைகள் எண்ணுவதுமாக ஒரு சின்னத் திருவிழா நடக்கும். இங்கே இரண்டு தட்டுப் பச்சை வண்டி ஒன்று வந்தது, போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குகனின் மனைவி பிட்டும் கணவாய்க் கறியும் வைத்தாள். கணவாய் எங்கள் கடலினதல்ல, ஆனால் கறித்தூள் எங்களுடையது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையோடு வேலையைத் தொடங்கினேன். "மனிசியின்ரை பேர் என்ன? பிள்ளையள் எத்தினை பேர்? மருமக்கள் எந்த ஊர்? புலம்பலுக்கு வேணும்" என்றேன்.

குகன் முதலில் முழித்தான். பிறகு சிரிக்கத் தொடங்கி, புரைக்கேறித் தண்ணீர் குடித்தான். "ஐயோ அக்கா, உந்தக் கல்வெட்டில்லை. ஸ்டேஷன் சுவரிலை பதிக்கிற பித்தளைத் தகடு. ப்ளாக் எண்டு சொன்னால் உங்களுக்கு விளங்காதெண்டுதான் கல்வெட்டு எண்டனான்."

"ஆளின்ரை பேர்?"

"எலையஸ் கென்வெல்."

ஒரு வெள்ளைக்காரனின் மருமக்களுக்கு எந்த ஊர் என்று கேட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வந்த கோபத்தில் அந்த இரவே திரும்பிப் போகலாமா என்றுகூட யோசித்தேன். எழுதவேண்டியது ஆறு வரி. ஆறு வரிக்காக அரை உலகம் பறந்து வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் குகன் என்னைப் பழைய ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். செங்கல் கட்டடம், மேலே மரக்கூரை. நெடுங்காலம் பூட்டிக் கிடந்ததை இப்போது திருத்தி, அயலில் உள்ளவர்கள் கூடுகிற மண்டபமாக மாற்றுகிறார்கள். பக்கத்துத் தெருவுக்குக் கென்வெல் றோட் என்று பெயர். நம்மவர்கள் அதைக் கென்வேல் றோட் என்கிறார்கள். புதிதாக வருகிற சிலர் அங்கே ஒரு முருகன் கோயில் இருக்கும் என்று தேடிப்போவதும் உண்டாம்.

அங்கே கிளாரா காத்துக்கொண்டு நின்றாள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் குழு ஒன்றில் வேலை செய்கிறவள். நடுத்தர வயது, பெரிய தொப்பி, கையில் காகிதக் கோப்பையில் கோப்பி. எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். டபிள் டபிள் என்றாள். பாலும் சீனியும் இரட்டிப்பு என்று குகன் விளக்கினான். எங்கள் கல்யாண வீட்டுத் தேத்தண்ணீர் மாதிரி இருந்தது. அன்று முதல் அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அவள் ஆங்கிலத்தில் சொல்ல, குகன் தமிழில் சொன்னான். கென்வெல் அனாதையாகக் கப்பலில் வந்து இறங்கியவர். காட்டில் மரம் வெட்டி ரயில் பாதைக்குச் சிலிப்பர்க் கட்டை விற்றார். பிறகு கட்டை விற்பதைவிடப் பாதை போடுவது மேல் என்று நினைத்தார். கிழக்கே விவசாயிகள் விளைந்த கோதுமையைக் கொண்டுவர வழியில்லாமல் பனியில் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாதை போட வேண்டிய இடத்தின் குறுக்கே பெரிய சதுப்பு நிலம். மற்ற முதலாளிகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கென்வெல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதற்குள் இறங்கி நடந்தாராம். இடுப்பளவு சேற்றோடு கரையேறி, "அடியில் தரை இருக்கிறது" என்றாராம்.

அதற்குப் பிறகு எல்லாரும் அவரைச் சேற்று ராசா என்றார்கள். முதலில் கேலி, பிறகு மரியாதை. கொட்டின கல்லையும் மண்ணையும் சதுப்பு விழுங்கிக்கொண்டே இருந்தது. அவர் ரயில் பெட்டி ஒன்றில் கூலிகளோடு படுத்து, அவர்களோடு சாப்பிட்டு, மேட்டைக் கட்டி முடித்தார். பாதை ஓடியது. ஆலை, தானியக் கிடங்கு, ஹோட்டல், நகரத்தின் நடுவில் கோபுரம் வைத்த மாளிகை என்று எல்லாம் வந்து சேர்ந்தன.

"கூலிகள் செத்தவையோ?" என்று கேட்டேன்.

கிளாரா தலையாட்டினாள். பலர். காய்ச்சலிலும், மண் சரிந்தும். கென்வெல் அவர்களை மேட்டின் ஓரத்தில் புதைத்தார், சிலுவைகூட நட்டார். ஆனால் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. மரச் சிலுவைகள் உக்கிப் போய்விட்டன.

"அப்ப உபகாரி இல்லை" என்றேன் குகனிடம்.

"உபகாரிதான். ஆனால் அரைவாசி."

அரைவாசி உபகாரியைப் பற்றி எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கள் வெண்பாக்களில் அப்படி ஒரு சீர் கிடையாது.

பிறகு அவர் விழுந்த கதை. பெரிய கம்பனிக்காரர் வந்து பாதையை விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கமாட்டேன் என்றார். ரயில் பாதைகள் சேரும் சந்தியில் அவருடைய வண்டியை நகரத்துக்குள் நுழைய விடாமல் மறித்தார்கள். நகரத்துக்குப் போகாத வண்டியில் யார் ஏறுவார்? மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. மாளிகை போனது, பாதை போனது. ஸ்டேஷன் சுவரில் இருந்த அவருடைய பெயருக்கு மேலே சாயம் பூசினார்கள். ஒரு மாரிகால மாலையில் அவர் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, தான் போட்ட பாதைக்குத் தானே ரிக்கெற் வாங்கி, கடைசி வண்டியில் ஏறினார். அவருடைய பயணப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர் ஒரு போர்ட்டர். அதற்குப் பிறகு வழியில் எந்த ஸ்டேஷனிலும் அவர் இறங்கவில்லை. முடிவிடத்தில் பெட்டி மட்டும் இருந்தது. மேற்கே போய்விட்டார் என்று சிலர் சொன்னார்களாம், தான் கட்டிய மேட்டிலிருந்து சதுப்புக்குள் குதித்துவிட்டார் என்று சிலர். கல்லறை இல்லை, செத்த நாளும் இல்லை.

எனக்குள் தொழில்காரி விழித்துக்கொண்டாள். செத்த நாள் இல்லாவிட்டால் திதி இல்லை. எந்த வருடம், எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று நாலு வரியில் சொல்வதுதான் திதி வெண்பா. அது இல்லாமல் ஒரு கல்வெட்டைத் தொடங்க முடியாது. எங்கள் ஊரில் போர்க்காலத்தில் காணாமல் போய், திதி இல்லாமல் போனவர்கள் ஆயிரம் பேர். அவர்களுடைய வீட்டுக்காரர் என் அச்சகத்துப் படி ஏறியதே இல்லை.

அடுத்த நாள் குகன் வேலைக்குப் போய்விட, மாளிகை இருந்த இடத்தைப் பார்க்க நானும் கிளாராவும் நகரத்துக்குப் போனோம். இப்போது அங்கே கார் நிறுத்தி விடுகிற கட்டடம். கோபுரம் இருந்த மூலையில் ஒரு பெடியன் சைக்கிளைப் பூட்டிவிட்டு, "அம்மா, நான் லேட் ஆகேல்லை, லைக், ஒன் த வே" என்று போனில் சொல்லிக்கொண்டு ஓடினான். தமிழ்ப் பிள்ளைதான். கிளாரா அந்த மூலையைக் காட்டி, "இங்கேதான் வரவேற்பறை" என்றாள். அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும். ஒரு தூண், ஒரு படிக்கட்டு, எதுவும் இல்லை. எங்கள் ஊரில் குண்டு விழுந்த வீட்டில்கூடக் கிணறு மிஞ்சும்.

கிளாராவுக்கு வேறு வேலை இருந்தது. நான் தனியாக வண்டியில் திரும்பினேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனின் பெயரைக் குகன் காலையிலேயே சொல்லித் தந்திருந்தான். நான் அதை மந்திரம் மாதிரி உருப்போட்டு வைத்திருந்தேன். மேல்தட்டில் ஜன்னலோரம் இருந்து கென்வெல்லின் மேடு வருகிறதா என்று பார்த்தேன். ஏரி தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. பெட்டிக்குள் ஒரு குரல் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அது சொன்ன பெயர் ஒன்றும் நான் உருப்போட்ட பெயர் மாதிரி இல்லை. குகன் சொன்னது நம்மவர் வாயில் தேய்ந்த பெயர். குரல் சொன்னது வெள்ளைக்காரர் பெயர்.

பெட்டி காலியானபோதுதான் பயம் வந்தது. எதிரே இருந்த ஒருவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு எழும்பினார். தமிழர் என்று முகம் சொன்னது.

"தம்பி, ஸ்காபரோ வந்திட்டுதோ?"

"ஸ்காபரோ போய்க் கனநேரம் அக்கா. இது ஒஷாவா. வண்டி இதோடை முடியுது." மன்னார்க்காரர். கார் உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் பின்னேர வேலைக்குப் போகிறாராம். தன் வேலை பிந்தும் என்று பார்க்காமல் என்னை எதிர்ப்பக்கத்து மேடைக்குக் கூட்டிப்போய், குகனுக்குப் போன் எடுத்தும் கொடுத்தார். போகும்போது, "இஞ்சை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கமாட்டினம் அக்கா. நாங்கள்தான் கவனமா இருக்கவேணும்" என்றார். ஊரில் பஸ்காரன் என்னை அச்சகத்து வாசலில் இறக்கிவிட்டு, பைக்கட்டையும் எடுத்துத் தருவான்.

இராசேஸ்வரி அக்காவை அன்று மாலைதான் முதலில் கண்டேன். குகனின் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கிறவர். நான் ஒஷாவாவுக்குப் போன செய்தி மாடி முழுக்கப் பரவி, சுகம் விசாரிக்க வந்திருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி, கையில் பொரித்த றோல்ஸ் தட்டு.

அந்தத் தமிழ்த் தகடு வரக் காரணமே இவர்தான் என்று குகன் சொன்னான். தொடர்மாடியில் வயதானவர்கள் கூடுகிற நாளில் கிளாரா வந்து ஸ்டேஷன் கதையைச் சொன்னபோது எல்லாரும் தூங்கிவிட்டார்களாம். கென்வெல் வண்டி ஏறிய இடத்துக்கு வந்ததும் இராசேஸ்வரி அக்கா, "திருப்பிச் சொல்லச் சொல்லு" என்று மொழிபெயர்த்த குகனிடம் கேட்டாராம். அதன் பிறகுதான் தமிழிலும் எழுத வேண்டும் என்று விடாப்பிடியாக நின்று வென்றிருக்கிறார்.

"என்ரை மனிசனும் வண்டியிலை போனவர்தான் தங்கச்சி" என்றார். கணவர் கனகசபை கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்குப் போக வவுனியா ஸ்டேஷனில் ஏறினார். மகள் சுபா அப்போது மடியில். கொழும்பில் காத்துக்கொண்டு நின்ற உறவினர் வந்த பெட்டி எல்லாவற்றையும் தேடினார். ஆள் இல்லை. வழியில் எங்கே இறங்கினார், யார் இறக்கினார்கள் என்று எங்கே கேட்டும் பதில் இல்லை. "போனவர் வரேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

சுபா பக்கத்தில் இருந்தாள். முப்பது தாண்டிய பிள்ளை, ஆஸ்பத்திரியில் வேலை, நெடுங்காலம் வேண்டாம் என்றிருந்து இப்போதுதான் கலியாணம் பொருந்தியிருக்கிறது. நான் அச்சகக்காரி என்று அறிந்ததும் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள்.

"அன்ரி, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். கலியாணக் காட் அடிக்கக் குடுக்கேலாமல் கிடக்கு. அப்பான்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போடவேணும். அம்மா போடக்கூடாதாம். போட்டால் தான் கலியாண மண்டபத்துக்கே வரமாட்டாவாம்."

"போடாமல் விட்டால்?"

"விட்டால் எல்லாரும் அப்பா எங்கை எண்டு கேப்பினம். மாப்பிள்ளை வீட்டாக்கள் இப்பவே கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் நிண்டு விளக்கம் சொல்ல ஏலுமே? எனக்கு அப்பான்ரை முகமே தெரியாது அன்ரி. ஆனால் எனக்கு அம்மா வேணும்."

காலஞ்சென்ற என்பது எங்கள் அச்செழுத்தில் தேய்ந்துபோன சொல். நாளுக்குப் பத்துத் தடவை அச்சுக் கோர்க்கிறேன். அந்த ஒரு சொல் கலியாண அழைப்பில் ஏறினால் இராசேஸ்வரி அக்காவின் நெற்றிப் பொட்டுக்கும் தாலிக்கும் ஊர் கணக்குக் கேட்கும். மகளின் கலியாணத்தில் குத்துவிளக்கு ஏற்றக்கூட ஒதுங்கி நில் என்று யாராவது ஒரு பெரியம்மா சொல்லுவாள். அந்தச் சொல் இத்தனை கனம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சில நாள் ஒன்றும் எழுதவில்லை. வெண்பாவில் ஒன்று எழுதிப் பார்த்தேன். குகன், "இடம் காணாது அக்கா, வாசிக்கிறவைக்கு விளங்கவும் மாட்டுது" என்று மறுத்துவிட்டான். ஏரிக்கரைக்குப் போய்வந்தேன். மேட்டின் கீழே, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வண்டிகளைப் பார்த்தேன். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தூங்கி வழிந்துகொண்டு அந்த மேட்டின்மேல் போகிறார்கள். சேற்று ராசா கட்டியது இன்னும் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்று கிளாரா சொல்லியிருந்தாள். அதன் ஓரத்தில் கிடக்கிறவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

கிளாரா அனுப்பிய ஆங்கில வாசகத்தைக் குகன் வாசித்துக் காட்டினான். முடிவில், வறுமையில், எவரும் அறியாமல் இறந்தார் என்று இருந்தது.

"இறந்தார் எண்டு இவைக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

அடுத்த சந்திப்பில் கிளாராவிடமும் அதையே கேட்டோம். அவள் கொஞ்சம் சிரித்தாள். அத்தனை காலத்துக்கு முந்திய மனிதர், இப்போது உயிரோடு இருக்க முடியாதே என்றாள்.

"செத்திருப்பார். அது எனக்கும் தெரியும். ஆனால் அது என்ரை ஊகம். ஊகத்தைப் பித்தளையிலை வார்க்கக்கூடாது" என்று சொல்லச் சொன்னேன். குகன் அதை ஆங்கிலத்தில் சொன்ன விதம் என் தமிழைவிடப் பணிவாக இருந்திருக்கும். நான் எழுதிக் கொண்டுபோனதை வாசித்தேன்.

எலையஸ் கென்வெல். கட்டை வெட்டி வாழ்வைத் தொடங்கியவர். சேற்றின்மேல் ரயில் பாதை போட்டவர். அதைப் போடும்போது மாண்டவர் பலர். அவர்கள் பெயர் தெரியாது. எல்லாம் இழந்தபின் இந்த நிலையத்தில் வண்டி ஏறினார். ஏறியதைக் கண்டவர் உண்டு. இறங்கியதைக் கண்டவர் இல்லை.

குகன் வரி வரியாக மொழிபெயர்த்தான். கிளாரா கடைசி இரண்டு வரியைத் திருப்பிக் கேட்டாள். பிறகு தன் வாசகத்தை எடுத்து, இறந்தார் என்ற வரியைப் பேனையால் வெட்டினாள். ஆங்கிலமும் தமிழைப் போலவே முடியட்டும் என்றாள்.

நான் பெருமைப்பட்டேன், ஒளிப்பானேன். அந்தப் பெருமை வீட்டுக்கு வரும்வரைதான் நின்றது. வாசகத்தைக் கேட்ட இராசேஸ்வரி அக்கா சுபாவைக் கூப்பிட்டு, "பார், வெள்ளைக்காரரே செத்ததெண்டு போடேல்லை. நீ கொப்பாவுக்குப் போடப் போறாய்" என்றார். சுபா எழும்பி வெளியே போனாள். பிறகு நடைவழியில் என்னைக் கண்டபோது, "உங்கடை வசனம் நல்லாத்தான் இருக்கு அன்ரி. என்ரை கலியாணத்தைக் குழப்பிப்போட்டுது" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

தகடு திறக்கும் நாளில் அந்த வருடத்தின் முதல் பனி பெய்தது. உப்பைத் தூவினது மாதிரி, கீழே விழுந்ததும் கரைகிற பனி. ஸ்டேஷன் வாசலில் கொஞ்சப் பேர்தான். மாடியில் இருக்கிற நம்மவர்கள், கிளாராவின் குழுவில் சிலர், நாயோடு நடந்துவந்து என்னவென்று பார்த்தபடி நின்ற ஒரு கிழவர். சுபா வேலை முடிந்து அதே உடுப்போடு வந்திருந்தாள். தாயும் மகளும் தள்ளித் தள்ளி நின்றார்கள். அம்மாவோடு கதைத்து ஒரு கிழமை ஆகிறது என்று சுபா காலையில் குகனிடம் சொல்லியிருந்தாள்.

இப்படியான நேரத்தில் குடும்பத்தவர் ஒருவர்தான் துணியை விலக்குவது வழக்கம், ஆனால் கென்வெல்லுக்கு யாரும் இல்லை என்று கிளாரா சொன்னாள். ஆகவே இந்தத் தகட்டுக்காக நின்றவர் விலக்கட்டும் என்று இராசேஸ்வரி அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுத் துணியை இழுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தமிழை உரத்து வாசித்தார். கடைசி வரியை வாசித்த பிறகு அந்த எழுத்துகளை விரலால் தொட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் திரும்பவில்லை.

"குகன், இவளிட்டைக் கேள். உவரைத் தேடி ஆரும் வந்தவையோ?"

குகன் கேட்டான். இல்லை என்றாள் கிளாரா.

"ஒருத்தருமோ? பிறகும்?"

ஒருவரும் இல்லை, பிறகும் இல்லை.

பனி கொஞ்சம் கூடியது. மற்றவர்கள் றோல்ஸுக்கும் கோப்பிக்குமாக உள்ளே போனார்கள். அக்கா வெளியே மேடையில் கிடந்த மர வாங்கில் போய் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சுபா கொஞ்சம் தள்ளி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். மேட்டின்மேல் ஒரு வண்டி போனது. நிற்கவில்லை, இந்த ஸ்டேஷனில் இப்போது எந்த வண்டியும் நிற்பதில்லை.

"பாவம், தங்கச்சி," என்றார். "உவர் இன்னும் வண்டியிலைதான் இருக்கிறார்."

நான் அவருக்கு இன்னும் கிட்ட நகர்ந்து இருந்தேன்.

"நான்தான் அப்பிடி எழுதவேணுமெண்டு ஆசைப்பட்டனான். எழுதி, பித்தளையிலை போட்டுக் கண்ணாலை கண்டாப் பிறகுதான் விளங்குது. ஒரு மனிசன் எத்தினை வருசம் வண்டிக்குள்ளை குந்திக்கொண்டிருக்கிறது? உவருக்கு இறக்கிவிட ஒருத்தரும் இல்லை. அதாலை இருக்கிறார்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "எங்கடையவருக்குக் கனநேரம் இருந்தால் கால் வீங்கும். நான் அவரை இவ்வளவு காலமும் இருத்தி வைச்சிட்டன்."

எத்தனை புலம்பல் எழுதியவள் நான், அவற்றில் ஒன்றிலும் இப்படி ஒரு வரி இல்லை.

"சுபா," என்று கூப்பிட்டார். மகள் கிட்ட வந்தாள். "கலியாணக் காட்டிலை போடு பிள்ளை."

"என்னத்தை அம்மா?"

"காலஞ்சென்ற எண்டு. நான் இறக்கிவிடுறன்."

சுபா அப்படியே பனி நனைத்த நிலத்தில் முழங்காலில் இருந்து தாயின் மடியில் முகத்தை வைத்தாள். அக்கா அவள் தலையில் விழுந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து சுபா, "அம்மா, ஆக்கள் உங்கடை பொட்டை..." என்று தொடங்கினாள்.

"அது என்ரை நெத்தி. அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கக்கூடாது. விளக்கும் நான்தான் ஏத்துவன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் போறதுக்கு முன்னம் எனக்கொரு கல்வெட்டு எழுதித் தரவேணும். உந்தப் பித்தளை இல்லை. எங்கடை கல்வெட்டு, புத்தகம்."

"திதி?" என்று கேட்டேன். கேட்ட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கோபிக்கவில்லை.

"ஏறின நாள்தான் திதி. மார்கழி, தேய்பிறை, ஏகாதசி. விடியக் காலமை, நல்ல குளிர். வண்டி அண்டைக்குப் பிந்தித்தான் வந்தது. அதாலை அந்த மேடையிலை கொஞ்சநேரம் கூட இருந்து கதைச்சனாங்கள். அதையும் எழுதுங்கோ."